குவளையின் அடியில் ஒரு தழும்பு

கையால் ஊதிச் செய்த கண்ணாடிக் குவளையோ பூச்சாடியோ வீட்டில் இருந்தால் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடியில், சரியாக நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தழும்பு தெரியலாம். சிலவற்றில் அது சொரசொரவென்று விரலைக் கீறும். சிலவற்றில் தேய்த்து வழவழப்பாக்கிச் சின்னக் குழியாக விட்டிருப்பார்கள்.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு நீலக் குவளை இருக்கிறது. தங்கையின் வளைகாப்புக்காக ஊரிலிருந்து வந்த சித்தி அதைக் கையில் எடுத்தார். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் திருப்பி, யார் பேர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பது அவர் பழக்கம். பார்த்தார். முகம் மாறியது.

"என்னடா இது, அடியில பிஞ்சிருக்கு. பில்லு வெச்சிருக்கியா? போய் மாத்திட்டு வா."

"அது அப்படித்தான் சித்தி இருக்கும். கையால செஞ்சது."

"கையால செஞ்சா பிஞ்சிருக்கணுமா?"

நல்ல கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். முழுப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அடுப்படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கண்ணாடி என்பது பெரும்பாலும் மணல்; மணலில் இருக்கும் சிலிக்கா. அதை மட்டும் தனியாக உருக்கச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பழைய காலத்து விறகு உலை எதற்கும் அது எட்டாது. அதனால் சோடா உப்பைச் சேர்த்தார்கள். உருகும் சூடு மளமளவென்று இறங்கியது. ஆனால் மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்தால் கிடைப்பது தண்ணீரில் கரைகிற கண்ணாடி. அதில் மோர் ஊற்றி வைக்க முடியாது. சுண்ணாம்பும் சேர்ந்த பிறகுதான் அது தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். ஜன்னல், பாட்டில், வளையல் எல்லாமே இந்த மூன்றின் கூட்டு. நூறு பங்கில் ஏறத்தாழ 70 பங்குக்கு மேல் சிலிக்கா, 15 பங்கையொட்டி சோடா, 10 பங்கு சுண்ணாம்பு, மிச்சம் சில்லறைச் சாமான். என் குவளையின் நீலம் துளியூண்டு கோபால்ட்டின் வேலை. ஜன்னல் கண்ணாடியை விளிம்பு வழியாகப் பார்த்தால் தெரிகிற பச்சை, யாரும் போடாமல் மணலோடு வந்து ஒட்டிக்கொண்ட இரும்பு.

இந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு. ஐஸ்கட்டி பூஜ்ஜியம் டிகிரியில் சட்டென்று தண்ணீராகிறது. கண்ணாடிக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. சூடு ஏற ஏற இளகும். இறங்க இறங்க இறுகும். வெல்லப் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கம்பிப் பதம், உருட்டுப் பதம், தண்ணீரில் விட்டால் 'டக்'கென்று ஒடிகிற பதம் என்று அது எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுகிறதோ, அப்படியே இதுவும். உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. கடலைமிட்டாயில் கடலையைச் சுற்றி இறுகி நிற்கும் பாகு, விஞ்ஞானக் கணக்கிலும் ஒரு வகைக் கண்ணாடிதான். அணுக்கள் வரிசை கட்டி நிற்க நேரம் கிடைக்காமல், நின்ற இடத்திலேயே உறைந்துபோன பொருள் அது. ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையத்துச் சாயங்காலக் கூட்டத்தை அப்படியே 'ஸ்டாச்சு' சொல்லி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

பதம் நழுவுகிறதே, அந்த நேரத்துக்குள்தான் கைவேலை அத்தனையும் நடக்க வேண்டும். உலையில் சுமார் 1,100 டிகிரியில் தேன் மாதிரி இருப்பது, வெளியே வந்த சில நிமிடங்களிலேயே சொன்ன பேச்சைக் கேட்காத அளவுக்கு விறைத்துவிடுகிறது. மறுபடி உலை வாயில் காட்டி இளக்க வேண்டும். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று ஒரு குவளைக்குப் பலமுறை நடக்கிறார்கள்.

டெல்லியின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊதுகுழல் என்பது ஆள் மார்பு உயர இரும்புக் குழாய். அதன் நுனியை உலைக்குள் விட்டு, தேன் ஜாடியில் குச்சியைச் சுழற்றி எடுப்பதுபோல் ஒரு உருண்டை எடுத்தார் அந்தக் கைவினைஞர். அந்த நொடியிலிருந்து குழல் சுழல்வது நிற்கவே இல்லை. நிறுத்தினால் உருண்டை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பேசும்போதும், யாரையோ அதட்டும்போதும் அவர் விரல்கள் மட்டும் தனி வேலைக்காரர்களைப் போல உருட்டிக்கொண்டே இருந்தன. இரும்பு மேஜையில் உருட்டி வெளித்தோலைக் கொஞ்சம் இறுக வைத்தார். பிறகு வாயை வைத்து ஒரு சின்ன ஊது. உடனே கட்டைவிரலால் குழலின் வாயை அடைத்துக்கொண்டார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் தானே விரிய, உருண்டைக்குள் ஒரு குமிழி மெல்லக் கண் விழித்தது. பலூன் ஊதுவதுபோல் கன்னம் உப்ப ஊதுவார்கள் என்று நினைத்துப் போன எனக்கு இது ஏமாற்றம்தான். ஊதுவது கொஞ்சம், பொறுப்பது அதிகம்.

அடுத்து நனைத்து மடித்த செய்தித்தாளை உள்ளங்கையில் வைத்து, கொதிக்கும் கண்ணாடியை அதன்மேல் சுழற்றினார். தாள் எரியவில்லை. இடையில் எழும் நீராவியே மெத்தையாகிவிடுகிறது. நேற்றைய தலைப்புச் செய்தி புகைந்து கருகும் வாசம் மட்டும் வந்தது.

தழும்புக்கு வந்துவிட்டோம். இதுவரை கண்ணாடி குழலில் ஒட்டியிருக்கிறது. குவளையின் வாய் வரவேண்டிய இடமும் அதே குழல் பக்கம்தான். வாயை விரிக்க வேண்டுமென்றால் குழலைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பிடிக்க இடமில்லை. அதற்கு ஒரு தந்திரம். உதவியாள் ஒரு இரும்புக் கம்பியின் நுனியில் துளி உருகிய கண்ணாடியோடு வந்து, குவளையின் அடியில் அழுத்தி ஒட்டுகிறார். இந்தக் கம்பிக்குப் பான்டில் என்று பெயர். பிறகு குழல் பக்கத்துக் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், குழலில் ஒரு தட்டு. 'டிங்' என்று கழுத்து அறுந்து, குவளை குழலிலிருந்து கம்பிக்கு இடம் மாறுகிறது. இப்போது வாய் திறந்தாயிற்று. உலையில் காட்டி இளக்கி, இடுக்கியால் விரித்து வட்டமாக்குகிறார்கள். கடைசியில் கம்பியைத் தட்டிக் கழற்றும்போது அது ஒட்டியிருந்த இடத்தில் விடுவதுதான் அந்தத் தழும்பு. தொப்புள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தழும்பு இல்லாவிட்டால் இயந்திரச் சரக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அச்சுக்குள் ஊதி, ஆறிய பிறகு வாயை அறுத்து எடுக்கிற முறையும் உண்டு. அதில் பான்டிலுக்கு வேலையே இல்லை. அழகாகத் தேய்த்து மறைத்தும் விடுகிறார்கள். இணையத்தில் சிலர் சொல்வதுபோல் குமிழி இருந்தால் கைவேலை என்பதும் முழு உண்மையில்லை. குமிழியை வேண்டுமென்றே போட இயந்திரத்துக்கும் தெரியும்.

தட்டிக் கழற்றியதும் குவளை நேராக அலமாரிக்குப் போகாது. சுமார் 500 டிகிரியில் இருக்கும் இன்னொரு அடுப்புக்குப் போய், அங்கே பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுகிறது. இதற்கு அனீலிங் என்று பெயர். காரணம் எளிது. வெளியே வைத்தால் மேல்தோல் முதலில் ஆறிச் சுருங்கி விறைத்துவிடும், உள்சதை பிறகு சுருங்கப் பார்க்கும், மேல்தோல் விடாது. அந்த இழுபறி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு சாலையோரக் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பச்சைப் பறவையை வாங்கி வந்து புத்தக அலமாரியில் வைத்தேன். ஜனவரி மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். ரஜாய்ப் போர்வைக்குள் இருந்த எனக்குப் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பறவை, தலை வேறு உடல் வேறாக. யாரும் தொடவில்லை. சரியாக ஆறவிடாமல் அவசரமாக விற்றிருக்கிறார்கள். டெல்லிக் குளிர் மிச்ச வேலையை முடித்திருக்கிறது.

இந்த ஊதுகிற வித்தைக்கு ஏறத்தாழ 2,000 வயது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய சிரியா, இஸ்ரேல், பாலஸ்தீனப் பக்கம் தொடங்கியது. நம் பக்கத்தில் அரிக்கமேட்டில் அதே காலத்தையொட்டிக் கண்ணாடியில் வேறொரு வித்தை செழித்தது: உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, மணியாக்கினார்கள். அந்த வகை மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியாவரை கிடைக்கின்றன. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறை நம் காலம்வரை உயிரோடு இருந்தது. ஐரோப்பாவில் 1291-ல் வெனிஸ் அரசு, தீ விபத்துக்குப் பயந்து ஊருக்குள் இருந்த உலைகளை முரானோ தீவுக்கு விரட்டியது. தொழில் ரகசியங்களும் கூடவே தீவுக்குள் அடைந்தன. இதற்கு மேல் பழங்கதை வேண்டாம்; நம் குவளை புதுக்கதையைச் சேர்ந்தது.

புதுக்கதையைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: குழலைப் பிடித்தவர் யார், பெயர் போட்டுக்கொண்டவர் யார்? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் எமில் கல்லே, நியூயார்க்கில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி என்று பெரிய பெயர்கள் உண்டு. அற்புதமான சாமான்கள். ஆனால் அவர்கள் மனதில் கண்டதைச் செய்து கொடுத்தவை தொழிற்சாலையில் சம்பளத்துக்கு ஊதிய நுரையீரல்கள். வரைந்த கை வேறு, ஊதிய வாய் வேறு. உருகிய கண்ணாடியோடு விளையாட ஒரு தனி மனிதனால் முடியாது, அதற்கு ஒரு தொழிற்சாலையே வேண்டும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும்.

அமெரிக்காவில் டொலீடோ என்றொரு கண்ணாடி ஊர். 1903-ல் அங்கே மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் ஆள் ஊதாமலே பாட்டில் செய்கிற முழுத் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அவரே பத்து வயதில் கண்ணாடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பையன். அந்தக் காலத்துக் கண்ணாடி உலைகளில் சிறுவர்கள் படாத பாடு பட்டார்கள். ஆகவே இயந்திரம் வந்து கலையை அழித்தது என்று ஒரேயடியாகக் கண்ணீர் விட நான் தயாரில்லை. ஆனால் ஊதத் தெரிந்தவர்களின் வேலை போனது, தெரிந்த வித்தையும் அவர்களோடு வயதாக ஆரம்பித்தது. அது நிஜம்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஊரில்தான் அது மறுபடி பிழைத்தது.

ஹார்வி லிட்டில்டன் 1922-ல் கார்னிங் என்கிற இன்னொரு கண்ணாடி ஊரில் பிறந்தவர். அப்பா அங்கே கண்ணாடி நிறுவனத்தில் இயற்பியலாளர். மகன் பிறப்பதற்கு முன்பே, 1913-ல் ஒருநாள் அப்பா, பேட்டரிக்குச் செய்த கண்ணாடி ஜாடியின் அடிப்பாகத்தை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா பெஸ்ஸி அதில் கேக் வைத்து அடுப்பில் வேகவைத்தார். கண்ணாடி விரிசல் விடவில்லை. கேக்கும் நன்றாக வந்தது. இரண்டு வருடத்தில் பைரெக்ஸ் பாத்திரம் கடைக்கு வந்தது. நாம் மைக்ரோவேவில் வைக்கிற போரோசில் கிண்ணத்துக்கெல்லாம் அந்தக் கேக் ஒரு வகையில் பாட்டி முறை.

மகன் களிமண் பக்கம் போனார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்தார். ஆனால் ஒரு எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. குயவன் தன் கொட்டகையில் தானே மண் பிசைந்து, தானே வனைந்து, தானே சுடுகிறான். கண்ணாடிக்கு மட்டும் ஏன் அது முடியாது? 1957-ல் முரானோவில் சின்னச் சின்ன உலைகளைப் பார்த்ததும் முடியும் என்று உறுதியாயிற்று.

1962 மார்ச் கடைசியில், டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கார் ஷெட்டில் எட்டு பத்துப் பேரைச் சேர்த்துப் பட்டறை போட்டார். பெரும்பாலும் குயவர்கள். முதல் முயற்சி சொதப்பல். கண்ணாடியை உருக்கிய பானை தாங்கவில்லை. அப்போது டொமினிக் லபீனோ என்ற நண்பர் கைகொடுத்தார். கண்ணாடி இழை செய்யும் நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர் அவர். உலையை மாற்றிக் கட்டச் சொல்லி, போட்டு உருக்கக் கோலிக்குண்டுகளைக் கொடுத்தார்.

கோலிக்குண்டுதான். கண்ணாடி இழைத் தொழிற்சாலைகளில் மூலப்பொருளை உருண்டைகளாக உருட்டி வைத்திருப்பார்கள். 475 என்று அந்த ரகத்துக்கு எண். குறைந்த சூட்டிலேயே சமர்த்தாக உருகும். நம் தெருவில் விளையாடியதும், கோலி சோடாவின் கழுத்தில் உருண்டதும் போன்ற உருண்டைகளை உருக்கித்தான் நவீனக் கண்ணாடிக் கலையின் முதல் குமிழிகள் வந்தன என்பது எனக்குச் சலிக்காத செய்தி.

கண்ணாடி உருகிவிட்டது, ஊதத் தெரிந்தவர்? அங்கே கூடியிருந்த பேராசிரியர்கள் ஒருவருக்கும் உருப்படியாகத் தெரியாது. அந்த ஊர்த் தொழிற்சாலையில் ஊதி ஓய்வு பெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்ற பெரியவர் பட்டறைக்கு வந்தார். குழலை வாங்கி எப்படி என்று காட்டினார். ஸ்டூடியோ கிளாஸ் இயக்கம் என்று இன்று உலகம் சொல்வதன் தொடக்கம் இதுதான். ஒரு சின்ன உலை, ஒரு அறை, நினைத்ததையே செய்கிற கை. நவீனம் என்று இதைச் சொல்கிறோமே தவிர, குழலும் கம்பியும் ஈரத்தாளும் பழையவைதான். மாறியது அவற்றைப் பிடிப்பவரின் நிலை.

லிட்டில்டனின் மாணவர் டேல் சிஹூலி. 1971-ல் சியாட்டில் நகரத்துக்கு வடக்கே ஒரு காட்டுப் பகுதியில் பில்சக் என்ற கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1976-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் இடக்கண் பார்வை போனது. சில வருடத்தில் தோள்பட்டையும் மூட்டு விலகியது. அதன்பிறகு குழலை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, தான் வரைந்து காட்டி இயக்குகிறவரானார். கடற்பாசி, தீக்கொழுந்து, பாம்புக்கூட்டம் போல நெளிகிற அவருடைய பிரம்மாண்டமான தொங்கல்கள் எல்லாம் ஒரு குழுவின் வேலை. ஒற்றை ஆளின் கனவாக ஆரம்பித்தது இருபது வருடத்துக்குள் மறுபடி கூட்டு வேலையாகிவிட்டது. செக் நாட்டில் லிபென்ஸ்கி, பிரிக்தோவா தம்பதி ஊதவே ஊதாமல் அச்சில் வார்த்துச் சிலை செய்தார்கள். அது இன்னொரு கிளை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு வசதி உண்டு. டொலீடோவில் அந்தப் பேராசிரியர்களுக்குத் தேவைப்பட்ட பழைய கை, ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் இருக்கிறது. ஆக்ராவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், டூண்ட்லா சந்திப்பை அடுத்து, ஃபிரோசாபாத். டெல்லியில் சொந்தப் பட்டறை வைத்து ஊதுகிற ரேஷ்மி டே போன்ற கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊரே கண்ணாடியாக இருப்பது ஃபிரோசாபாத்தில்தான். தாஜ்மகாலைப் புகை அரிக்கிறது என்ற வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட வேண்டியதாயிற்று. உலைகள் எரிவாயுவுக்கு மாறின. கை மாறவில்லை.

அங்கே வளையல் செய்வதைப் பார்த்தால் இத்தனை நாள் சும்மா மாட்டிக்கொண்டிருந்தோமே என்று தோன்றும். உருகிய உருண்டை கம்பி நுனியில் ஆள் மாற்றி ஆள் ஓடுகிறது, நிறம் சேர்கிறது, கடைசியில் உலைக்குள் சுழலும் ஒரு உருளையில் இழையாக ஏறிச் சுற்றிக்கொள்கிறது. அந்த உருளைக்குப் பேலன் என்று பெயர். டெல்லி வீடுகளில் சப்பாத்திக் கட்டைக்கும் அதே சொல். கழற்றினால் நீளமான ஸ்பிரிங். அதை நீளவாக்கில் கீறினால் நூற்றுக்கணக்கான வட்டங்கள், ஒவ்வொன்றும் வாய் பிளந்து, இரண்டு நுனியும் மேலும் கீழுமாக.

அவை மூட்டையாகக் கட்டி, வண்டி வண்டியாகச் சந்துகளுக்குள் போகின்றன. ஒரு வீட்டில் சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு வளையத்தை எடுத்தார். நுனிகளைச் சுடரில் காட்டினார், இடுக்கியால் ஒரு அழுத்து, வளையல் பக்கத்துக் குவியலில். அடுத்தது. என்னால் எண்ண முடியாத வேகம். நுனிகளை நேராக்குவது ஸதாய், இணைப்பது ஜுடாய். காற்று பட்டால் சுடர் ஆடும் என்று அந்த வெயிலில் மின்விசிறி போடவில்லை. இதே வேலையில் நெடுங்காலம் குழந்தைகளும் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். கலைக்கூடத்துக் குவளைக்கு அடியில் கலைஞர் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பெண்ணின் பெயர் எந்த வளையலிலும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் இணைத்த இடம், கடுகு அளவு ஒரு புடைப்பாக, இருக்கிறது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் சித்தியை பாபா கடக் சிங் மார்க்கில் அனுமார் கோயில் வளையல் கடைகளுக்கு அழைத்துப் போனேன். பச்சையும் சிவப்பும் வேண்டும் என்றார். கடைக்காரர் ஒரு கட்டை அவிழ்த்து வைத்தார். சித்தி ஒவ்வொரு வளையலாக எடுத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை உள்பக்கமாக ஒரு சுற்று ஓட்டினார். நாலாவது வளையலில் விரல் நின்றது.

"இது வேணாம். ஒட்டுன எடம் உறுத்துது. புள்ளத்தாச்சி கையில கீறிடும்."

கடைக்காரர், "சப் ஏக் ஹி மால் ஹை, மாதாஜி," என்றார்.

"என்ன சொல்றான்?"

"எல்லாம் ஒரே சரக்குதானாம் சித்தி."

"எப்படி ஒரே சரக்கு ஆகும்? ஒவ்வொண்ணும் ஒருத்தி ஒட்டினது." ஆறு வளையல்களை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கட்டச் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நீலக் குவளையைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, குழல், கம்பி, ஒட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கவிழ்த்து, அதே ஆள்காட்டி விரலைத் தழும்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினார்.

"சரி, ஒட்டுன எடந்தான். ஆனா இன்னும் கொஞ்சம் தேச்சுக் குடுத்திருக்கலாம்ல?"